நாற்பத்தொரு ஃபார்ம்

"ஐம்பத்துமூணு மணி ஜெபமும் சொல்லி முடிச்சிட்டேன். உன் ப்ரோகிராம் இன்னும் கண்ணைத் தொறக்கலையேப்பா" என்றார் குழந்தைராஜ் சாமி, ஜெபமாலையை அங்கிப் பைக்குள் போட்டபடி.

ஜெனித் மவுஸை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். திரையில் மணல் கடிகாரம் நின்ற இடத்தில் நின்றது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம், கம்ப்யூட்டருக்குக் கோபம் வந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப வந்துடும் ஃபாதர்."

"இதைத்தான் போன வாரமும் சொன்னே."

வலங்கைமான் போகும் சாலையில், கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டுக் கட்டடத்தில் மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தது ஒரு பெரிய காரியம். ஏழு பங்குகளின், அதாவது ஏழு கோயில் வட்டாரங்களின், பதிவேடுகளை ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றுவது. வலங்கைமான் பக்கம் நான்கு பங்கு, கீழ்வேளூர் பக்கம் மூன்று பங்கு. யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யாருக்கு யாரோடு திருமணம், யாருக்கு எந்தக் கல்லறையில் அடக்கம், எல்லாம் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு பங்கிலிருந்தும் பதிவேடுகளை வாங்கிவந்து, பத்துப் பத்து நாள் வைத்திருந்து, இரண்டே விரலால் ஆறாயிரம் பதிவுகளை அடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தவள் அமலோற்பவம். ப்ரோகிராம் எழுதியவன் ஜெனித்.

சம்பளம் கேட்கவில்லை அவன். கேட்டது ஒரு கடிதம். இரண்டாயிரமாம் வருடம் பிறந்தால் அமெரிக்கக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் தடுமாறப்போகின்றன என்று, சென்னையில் ஒரு கம்பெனி ஆட்களைப் பொறுக்கி விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. 'இவர் எழுதிய ப்ரோகிராம் எங்களிடம் நல்லபடியாக ஓடுகிறது' என்று யாராவது எழுதித் தர வேண்டும். சாமி எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை, அதாவது இன்னும் பன்னிரண்டு நாளில், ஆயரில்லத்திலிருந்து பெரிய சாமி வந்து தொடங்கிவைத்த பிறகு.

இன்னொரு தடையும் இருந்தது. அவனுடைய அப்பா செல்லதுரை. "தங்கச்சி கழுத்துல தாலி ஏறாம நீ விமானத்துல கால் வெக்கக் கூடாது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நல்லவேளையாக அதற்கும் வழி பிறந்திருந்தது. ஃபிளோராவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. சகாயராஜ், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கடற்கரைப் பக்கத்து ஆள். அம்மாவோடு தஞ்சாவூருக்குக் குடிவந்து நாலு வருடம். நாற்பது நாள் லீவு. கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை நேற்றுதான் கோயிலில் வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, அதற்கடுத்த புதன்கிழமை கல்யாணம்.

ஆக, ஒரு ப்ரோகிராம், ஒரு கல்யாணம். இரண்டும் முடிந்தால் அமெரிக்கா.

மணல் கடிகாரம் மறைந்தது. முகப்பு வந்தது.

"வந்துருச்சு தம்பி!" என்றாள் அமலோற்பவம்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் சாமி.

"நாப்பத்தொரு ஃபார்ம் இருக்கு ஃபாதர். ஃபார்ம்னா இந்த ஜன்னல் ஒவ்வொண்ணும். ஞானஸ்நானத்துக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, அடக்கத்துக்கு ஒண்ணு, இப்படி. ப்ரோகிராமத் தொறந்த உடனே நாப்பத்தொண்ணும் உள்ளுக்குள்ள பொறந்துடுது."

"யாரு பொறக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் புதுசா ஒரு ஃபார்ம் வரைஞ்சா, 'இதையும் ஆரம்பத்துலயே உண்டாக்கு'ன்னு அந்தக் கருவி தானாவே ஒரு வரி எழுதிக்குது. அதுக்கு ஒரு பேரும் வெச்சுக்குது. ப்ரோகிராம்ல எந்த மூலையிலேருந்து அந்தப் பேரச் சொன்னாலும் அந்த ஃபார்ம் என்னான்னு கேக்கும்."

"இப்பத்தான் பொறந்த கொழந்தைக்கு ஞானஸ்நானம் பதியறதுக்கு, அடக்க ஃபார்ம் எதுக்குப்பா முன்கூட்டியே வந்து காத்துக் கெடக்கணும்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஜெனித்துக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணமும் அதுவே.

"மாத்திடுறேன் ஃபாதர். கேட்டாத்தான் வரும். கேக்காட்டி வராது."

மாற்றுவது எளிது. தானாகப் பிறக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். அதிலிருந்து எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்துப் பட்டியலில் போட்டுவிட்டு, முகப்பை மட்டும் விட்டுவைத்தால் போதும். ஐந்தரை பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செய்தான். கை வேகத்தில் முகப்பும் பக்கத்துக்குப் போய்விட்டது. அகர வரிசையில் முதலில் நின்ற 'அடக்கம்' தங்கிவிட்டது. அதை அவன் கவனிக்கவில்லை. பட்டியலில் முதலில் நிற்பதுதான் தலைமை ஃபார்ம் என்பதையும் அந்த அவசரத்தில் மறந்துபோனான்.

மறுநாள் காலை அவன் உள்ளே நுழையும்போது சாமி கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு எதிரே நின்றிருந்தார். அமலோற்பவம் சுவர் ஓரமாக ஒதுங்கியிருந்தாள்.

"வேகமாத்தான் தொறக்குது. நான் இல்லேங்கல" என்றார் சாமி. "ஆனா தொறந்த உடனே 'இறந்தவர் பெயர்'னு கேக்குது. காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கு."

"மூடிட்டு வேற..."

"மூடினேன். மூடினா மொத்தமும் மூடிப்போச்சு."

"அது தலைமை ஃபார்ம் ஆயிடுச்சு ஃபாதர். அத மூடினா ப்ரோகிராமே முடிஞ்சதா அர்த்தம்."

"அடக்கத்தோட எல்லாம் முடிஞ்சதுன்னு சொல்ற ஒரு மெஷினை நான் எப்படிப்பா கோயில்ல வெச்சுக்கறது? அப்புறம் உயிர்ப்பு எங்க?"

அமலோற்பவம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனித் சிரிக்கவில்லை. முகப்பை மீண்டும் தலைமையாக்கினான். ப்ரோகிராம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. சாமிக்கே முகம் மலர்ந்தது.

"இப்ப ஞானஸ்நானத்தை அமுக்குங்கக்கா" என்றான் ஜெனித்.

அமலோற்பவம் அமுக்கினாள். திரையின் நடுவே சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறியோடு ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆக்சஸ்... வயலேஷன்..." கையை மவுஸிலிருந்து சட்டென்று எடுத்தாள். "வயலேஷன்னா கட்டளையை மீறுறதுதானே தம்பி? நான் என்ன பண்ணேன்? ஞானஸ்நானத்தைத்தானே அமுக்கினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா."

"பின்ன யாரு பண்ணது?"

"பேரு இருக்கு, ஆள் இல்ல. அவ்வளவுதான். முன்ன தானாப் பொறந்துட்டு இருந்துச்சு. இப்ப பொறக்க வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா பட்டன் பழையபடி பேரச் சொல்லிக் கூப்பிடுது. உள்ள யாரும் இல்ல. அதான் விழுந்துடுச்சு."

சாமி பெருமூச்சு விட்டார். "தானாப் பொறந்தாலும் தப்பு, பொறக்காட்டியும் தப்பு."

அன்று முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே, 'கேட்கும்போது ஒன்றை உண்டாக்கு, உண்டாக்கியதற்கு அதே பெயரைக் கொடு' என்று எழுதினான். நாற்பது பட்டன், நாற்பது முறை. முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் பலித்தது. கேட்டால் வந்தது, கேட்காவிட்டால் வரவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஞானஸ்நான ஜன்னல்களைக்கூடப் பக்கம் பக்கமாகத் திறக்க முடிந்தது. வியாழக்கிழமை வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை ஒரு லாரி டிரைவர் தன் பையனின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்குள் வந்தார்.

"என் பையன் பேரு டெரன்ஸ்" என்றார். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "ஸ்கூல்ல கொண்டுபோய்க் குடுத்தேன். எட்மாஸ்டர் படிச்சிட்டு என்னை மேலும் கீழும் பாக்குறாரு. இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

ஜெனித் படித்தான். 'மரிய புஷ்பலதா, பெண்.'

"பாவாடை கட்டி அனுப்பவா?"

சாமி அவரை உட்காரவைத்து, மோர் வாங்கிக்கொடுத்து, தன் கையால் ஒரு சான்றிதழ் எழுதி முத்திரை குத்திக் கொடுத்து அனுப்பினார். திரும்பி ஜெனித்தைப் பார்த்தார்.

"ரெண்டு ஜன்னல் தொறந்து வெச்சிருந்தேன் தம்பி" என்றாள் அமலோற்பவம். "ஒண்ணுல இந்தப் பையன், ஒண்ணுல அந்தப் பொண்ணு. பையன் ஜன்னல்லதான் பிரிண்ட்டை அமுக்கினேன். சத்தியமா."

ஜெனித்துக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டான். "ரெண்டு ஜன்னலுக்கும் பேரு ஒண்ணுதான்க்கா. கடைசியாத் தொறந்த ஜன்னல் அந்தப் பேரை வாங்கிக்குது. பழைய ஜன்னல்ல நீங்க பிரிண்ட்டை அமுக்கினா, அது தன்கிட்ட இருக்கறத எடுக்காம, பேரச் சொல்லிக் கூப்பிடுது. புதுசு 'இந்தா'ன்னு தன்னோடதக் குடுத்துடுது."

"ஒருத்தர் வீட்டுத் தண்ணி இன்னொருத்தர் வயலுக்குப் போற மாதிரியா?"

"அதேதான். ஒழுகுது."

நாற்பத்தொரு ஃபார்மிலும் உள்ளே போய், பெயர் சொல்லிக் கூப்பிடும் இடங்களையெல்லாம் தேடி, 'தன்னிடமே கேள்' என்று மாற்ற வேண்டும். தானாகக் கிடைத்த பெயர் என்று இலவசமாக எடுத்து எடுத்துப் பயன்படுத்தியிருந்தான்; ஆயிரத்து இருநூறு இடம். ஐந்து நாள் குனிந்த தலை நிமிரவில்லை.

அதற்கிடையில்தான் இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். கும்பகோணத்தில் பட்டு எடுத்தார்கள். சகாயராஜ் கறுப்புக் கண்ணாடியோடும் சென்ட் வாசனையோடும் ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்து எட்டிப்பார்த்தான்.

"என்ன மச்சான், ஒரே வேலையா? கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சே" என்று தோளில் தட்டினான்.

"சனிக்கிழமை தொறப்பு விழா. நீங்களும் வந்துடணும்."

"எந்தெந்த ஊர் பதிவெல்லாம் இதுல இருக்கு?"

"ஏழு பங்கு. போகப்போக மறைமாவட்டம் முழுக்க வரும்."

"அடேங்கப்பா" என்றான் சகாயராஜ். "சனிக்கிழமை எனக்கு டிக்கெட் உறுதி பண்ற வேலை இருக்கு மச்சான். பாக்கலாம்."

"அதெல்லாம் முடியாது. அப்பா கோவிச்சுக்குவார்."

அமலோற்பவம் அவனையே பார்த்துக்கொண்டு டீ டம்ளரை நீட்டினாள். அவன் அவசரமாக இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளம்பிப்போனான்.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. ஜெனித் இரண்டு ஞானஸ்நான ஜன்னல் திறந்தான். ஒழுகவில்லை. மூன்று அடக்க ஜன்னல் திறந்தான். செத்தவர்கள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். எழுந்து நின்று சோம்பல் முறித்தான். பிறகு ஆசைக்கு, திருமண ஜன்னலைத் திறந்து, முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்த தங்கையின் பதிவை எடுத்துவைத்துக்கொண்டான். மணமகன் சகாயராஜ், தந்தை லூர்துசாமி, தாய் மார்த்தாள். மணமகள் ஃபிளோரா. அழகாக இருந்தது.

"பக்கத்துல இன்னொரு கல்யாணத்தத் தொறங்கக்கா. ஒழுகுதான்னு பாப்போம்."

அமலோற்பவம் யோசிக்காமல் ஓர் எண்ணை அடித்தாள். கீழ்வேளூர் பக்கத்து ஒரு பங்கின் பதிவு, தொண்ணூற்று நாலாம் வருடம். மணமகள் ஜெசிந்தா. மணமகன் சகாயராஜ், தந்தை லூர்துசாமி, தாய் மார்த்தாள்.

"ஐயோ!" என்று அலறினான் ஜெனித். "மறுபடியும் ஒழுகுதே!"

"தம்பி, அது வந்து..."

"எதையும் தொடாதீங்க!"

ஃபார்மை முழுக்க மறுபடி படித்தான். ஒவ்வொரு வரியும் சரி. மூடித் திறந்தான். அமலோற்பவம் அதே எண்ணை அடித்தாள். மறுபடியும் சகாயராஜ்.

"வேற ஏதாச்சும் தொறங்கக்கா."

வேறு இருபது திறந்தாள். இருபதிலும் வேறு வேறு மாப்பிள்ளைகள். "இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. அந்த ஒண்ணு மட்டுந்தான்..." என்று சொல்லிவிட்டு அதே எண்ணை மறுபடி அடித்தாள்.

"அதையே ஏன் தொறக்கறீங்க?"

"அது எங்க ஊருப் பதிவு தம்பி. நான்தான்..."

"எந்த ஊரா இருந்தா என்னக்கா? இது மெமரி விஷயம். கொஞ்ச நேரம் பேசாம இருங்க, புண்ணியமாப் போகும்."

அவள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டு, அந்தப் பதிவை மட்டும் தனியாகத் திறந்தான். அப்போதும் சகாயராஜ். தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வெளியே கோயில் நிலத்தில் நடவுப் பெண்கள் சாப்பாட்டுக்குக் கரையேறும் சத்தம் கேட்டது. சட்டென்று விளங்கியது.

"கண்டுபிடிச்சிட்டேன்! ஒழுகிக்கிட்டு இருந்த நாள்ல யாரோ ரெண்டு ஜன்னலையும் தொறந்து வெச்சு, 'சேமி'ய அமுக்கிட்டாங்க. மச்சான் பேரு உள்ளேயே போய் ஒட்டிக்கிச்சு. ஒழுகல் நின்னுடுச்சுக்கா, கறை மட்டும் நிக்குது!"

"புத்தகத்தப் பாத்துரலாமே தம்பி."

"புத்தகம் அங்க ஊர்ல இருக்கு. சனிக்கிழமை பெரிய சாமி வர்றாங்க. இப்ப யாரு கீழ்வேளூருக்குப் போயிட்டு வர்றது? அழிச்சிட வேண்டியதுதான்."

"அழிக்கவா போறீங்க?" அவள் குரல் அடங்கியது.

"அழிச்சாத்தான் எனக்கு நிம்மதி. இந்தப் பேரு இங்க இருக்கறத யாராச்சும் பாத்தா என் மானமே போயிடும்."

அமலோற்பவம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெனித் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

மணமகன் பெயரை அழித்துச் சேமித்தான். அதற்கப்புறம் திருமணப் பட்டியலே திறக்க மறுத்தது. மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்தை ஏற்கக் கூடாது என்று அவன்தான் மூன்று மாதத்துக்கு முன்பு எழுதிவைத்திருந்தான். அந்த விதியைத் தளர்த்தினான். உடனே எழுநூறு மணமகள்களின் மாப்பிள்ளைகள் காணாமல் போனார்கள். விதியை இறுக்கினான். எழுநூறு பேரும் திரும்பி வந்தார்கள், பட்டியல் மூடிக்கொண்டது. அங்கே ஏதாவது ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும். அதுவும் ஞானஸ்நானம் பெற்றவன் பெயராக இருக்க வேண்டும். பெற்றோர் பெயரை அதுவே எடுத்துக்கொள்ளும்.

"ஏதாச்சும் ஒரு பேரு போட்டுத் தொலைக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கைக்கு முதலில் வந்த பெயரை அடித்தான். பட்டியல் திறந்தது. சனிக்கிழமை விழா முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று மேசை மீதே தலை சாய்த்தான்.

சனிக்கிழமை. வாசலில் வாழை மரம். பெரிய சாமி பன்னீர் தெளித்துக் கம்ப்யூட்டரை மந்திரித்தார். குழந்தைராஜ் சாமி, நாலு கன்னியர், பங்குப் பேரவைக்காரர்கள், முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் செல்லதுரை, அவரே கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்த சகாயராஜ், எல்லாரும் கைதட்டினார்கள். ப்ரோகிராம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். குழந்தைராஜ் சாமியின் கையில் ஒரு கவர் இருந்தது. அதுதான் கடிதம். ஜெனித் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனையும் டைப் அடிச்ச அம்மா யாரு?" என்று கேட்டார் பெரிய சாமி. "நீங்களே ஏதாவது ஒண்ணு தொறந்து காட்டுங்கம்மா."

அமலோற்பவம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு விரலால் ஓர் எண்ணை அடித்தாள்.

ஜெனித்துக்கு அந்த எண் மனப்பாடம். "அக்கா, வேற..." என்று பாய்ந்தான். பதிவு திறந்துவிட்டது.

பெரிய சாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். "திருமணம். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு. மணமகள் ஜெசிந்தா. மணமகன்... ஜெனித், தந்தை செல்லதுரை." நிமிர்ந்தார். "ஜெனித்துன்னா, இந்தத் தம்பிதானே?"

கன்னியர் நால்வரும் ஒருசேர ஜெனித் பக்கம் திரும்பினார்கள்.

செல்லதுரை எழுந்தார். "டேய்" என்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "தொண்ணூத்தி நாலுல உனக்கு இருவத்தொரு வயசுடா!"

"ஜெனித், இது என்னப்பா?" குழந்தைராஜ் சாமி கவரை மெதுவாக அங்கிப் பைக்குள் வைத்தார்.

"இல்ல ஃபாதர்! நான் இல்ல! நான்தான், ஆனா நான் போட்டது!"

"நீ போட்டதா? என்னத்த?"

"பேரை! சும்மா, தற்காலிகமா!"

"கல்யாணம் தற்காலிகமாடா?" என்று கத்தினார் செல்லதுரை. கன்னியரில் ஒருவர் ஜெபமாலையை எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க!" ஜெனித் இரண்டு கையையும் தூக்கினான். பன்னிரண்டு நாள் எரிச்சலும் ஒன்றாக வெளியே வந்தது. "ஒவ்வொரு ஃபார்முக்கும் ப்ரோகிராம் தானா ஒரு பேரு வெச்சுடுது. ரெண்டு ஜன்னல் தொறந்தா அந்தப் பேரால ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுக்கு ஒழுகுது. டெரன்ஸ் புஷ்பலதா ஆனது அப்படித்தான். அதே மாதிரி என் தங்கச்சி ஜன்னல்லேருந்து மச்சான் பேரு இதுல ஒழுகி ஒட்டிக்கிச்சு. இங்க சகாயராஜ்னு இருந்துச்சு! அசிங்கமா இருக்கேன்னு அதை அழிச்சேன். காலியா விட்டா பட்டியல் தொறக்க மாட்டேங்குது. அதுக்காக என் பேரைப் போட்டேன். அவ்வளவுதான்! அந்த ஜெசிந்தா யாருன்னு எனக்குத் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது. சொல்லுங்க மச்சான்!"

முன்வரிசையில் சகாயராஜ் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் சாமி. மஸ்கட்லயே இப்படி ஆகும்" என்றான்.

பெரிய சாமி சிரித்தார். செல்லதுரைக்கு மூச்சு வந்தது. குழந்தைராஜ் சாமியின் கை மறுபடி அங்கிப் பையை நோக்கிப் போனது.

அமலோற்பவம் நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல்முறையாக அவளை யாரும் குறுக்கே பேசித் தடுக்கவில்லை.

"ஜெசிந்தா எங்க ஊருப் பொண்ணுதான் சாமி, போன ஞாயித்துக்கெழமை தேருக்குப் போனப்பக்கூடப் பேசிட்டு வந்தேன், சகாயராஜுக்கு மஸ்கட்ல இந்த வருஷமும் லீவு கெடைக்கலைன்னு பாவம், ஒரே அழுகை."